கூகைக்கும் குளிரும்

மாண்ட்ரியலில் இருக்கும் என் பேத்திக்கு எட்டு வயது. அங்கே பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். தமிழ் புரியும், பேசினால் தடுமாறும். பிரெஞ்சு கொட்டும். கெடாரில் உட்கார்ந்துகொண்டு அவளோடு பிரெஞ்சில் பேச நான் ஒருவன்தான் இருக்கிறேன். புதுச்சேரியில் சின்ன வயதில் படித்த அந்த பாஷை, முப்பத்தைந்து வருஷம் தாலுக்கா அலுவலகங்களில் அடங்கலும் சிட்டாவும் எழுதியதில் துருப்பிடித்துப் போயிருந்தது. அவளால்தான் திரும்பவும் துலக்கி வைத்திருக்கிறேன்.

போன மாதம் ஒருநாள் வீடியோவில் கூப்பிட்டு, பள்ளியில் வரைந்த படம் ஒன்றைக் காட்டினாள். வெள்ளை வெளேரென்று ஓர் ஆந்தை, சுற்றிலும் பனி. "தாத்தா, இந்த இபூவுக்குக் குளிராதா?" என்று கேட்டாள்.

இபூ என்றால் பிரெஞ்சில் ஆந்தை. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு எட்டாம் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்த வரிசை வாயில் வந்துவிட்டது. 'ஊ' என்று முடிகிற பிரெஞ்சுச் சொற்களில் பெரும்பாலானவை பன்மைக்கு எஸ் போட்டுக்கொள்ளும். ஏழு மட்டும் எக்ஸ் போடும். பிஜூ, கய்யூ, ஷூ, ஜெனூ, இபூ, ஜூஜூ, பூ. நகை, கூழாங்கல், முட்டைகோஸ், முழங்கால், ஆந்தை, பொம்மை, பேன். கடைசிச் சொல்லுக்கு வந்தால் வகுப்பே சிரிக்கும். பேனுக்குப் போய் 'பூ' என்று பேர் வைத்திருக்கிறானே வெள்ளைக்காரன் என்று. வாத்தியார் பிரம்பைத் தட்டுவார். பேத்தியிடம் ஒப்பித்தேன். அவளும் கூடவே ஒப்பித்தாள். அறுபது வருஷ இடைவெளியில், பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், அதே ஏழு சொற்கள், அதே வரிசை!

சிரித்து முடித்ததும் அவள் கேள்விக்கு வந்துவிட்டாள். இறகு இருக்கிறதல்லவா, அதனால் குளிராது என்றேன். சரி என்று வைத்துவிட்டாள். எனக்குத்தான் அந்தப் பதில் போதவில்லை. குளிர்ந்துபோன ஆந்தைகளை நான் இரண்டு தடவை என் கையால் தொட்டிருக்கிறேன். இரண்டும் பனி பெய்யும் நாட்டில் அல்ல, இந்தத் தென்னாற்காட்டுச் சீமையில்தான்.

அவள் வரைந்த பறவையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதைப் பிரெஞ்சில் ஆர்ஃபான் என்பார்கள், பனி ஆந்தை. கியூபெக் மாகாணம் 1987-ல் அதைத் தன் சின்னப் பறவையாக வைத்துக்கொண்டது. 2016 ஜனவரியில் மாண்ட்ரியலில் ஒரு நெடுஞ்சாலைக் கண்காணிப்புக் கேமராவுக்கு நேராக இது சிறகை விரித்துப் பறந்த படம் உலகமெல்லாம் சுற்றியது. என் மகள்கூட எனக்கு அனுப்பியிருந்தாள். மைனஸ் 40 டிகிரியிலும் தாக்குப் பிடிக்கும் பறவை. அதன் உடம்புக்குள்ளே பிளஸ் 40 டிகிரி அளவில் சூடு இருக்கும். உள்ளுக்கும் வெளிக்கும் எண்பது டிகிரி வித்தியாசம், நடுவே இறகு மட்டும்தான்.

இறகு என்றால் நாம் காது குடைகிற இறகை நினைத்துக்கொள்கிறோம். அது மேல்சட்டை. அடியில் பஞ்சு மாதிரி தூவி இருக்கிறது. குளிர் வந்ததும் ஆந்தை ஒவ்வோர் இறகின் அடியிலும் உள்ள சின்னத் தசையை இறுக்கி, உடம்பையே உப்பச் செய்துகொள்ளும். நமக்கு மயிர்க்கூச்செறிகிறதே, அதே ஏற்பாடுதான். நமக்கு ரோமம் இல்லாததால் பிரயோஜனம் இல்லாமல் போயிற்று. அந்தத் தூவிக்குள்ளே காற்று அசையாமல் நிற்கிறது. அசையாத காற்று சூட்டை வெளியே விடாது. ஆக ஆந்தை போர்த்திக்கொண்டிருப்பது காற்றைத்தான். இறகு அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கிற பை. நாம் போடுகிற ஸ்வெட்டரும் இதே வேலையைத்தான் செய்கிறது.

பெரிய சாம்பல் ஆந்தை என்று வடதேசக் காடுகளில் ஒன்று இருக்கிறது. பார்த்தால் இரண்டடிக்கு மேல், பெரிய மனிதர் மாதிரி உட்கார்ந்திருக்கும். எடை போட்டால் சுமார் ஒரு கிலோதான். மீதியெல்லாம் இறகும் காற்றும். (நம் அலுவலகங்களிலும் அப்படிச் சிலரைப் பார்த்திருக்கிறேன்.) பனி ஆந்தைக்குக் காலிலும் விரல் வரைக்கும் ரோமம் மாதிரி இறகு மூடியிருக்கும். அலகுகூட முக்கால்வாசி இறகுக்குள் புதைந்திருக்கும். நம் ஏரிக்கரைகளில் இருக்கும் மீன் பிடிக்கிற ஆந்தைக்குக் கால் வெறுங்கால். ஜப்பானின் வடகோடித் தீவில் அதே மாதிரி மீன் பிடிக்கிற ஆந்தைக்குக் காலில் இறகு உண்டு. ஊருக்குத் தகுந்த உடுப்பு.

எனக்கு ரொம்பப் பிடித்தது டெங்மால்ம் ஆந்தையின் சங்கதி. நம் புள்ளி ஆந்தையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். மிஞ்சிய எலியை மரத்தில் ஒளித்து வைக்கும். அந்தக் குளிரில் எலி கல்லாகிவிடும். பசி வந்தால் என்ன செய்யும்? கல்லாகிப் போன எலியின் மேல், முட்டையை அடை காக்கிற மாதிரி, இறகை விரித்து உட்கார்ந்துகொள்ளும். தன் வயிற்றுச் சூட்டில் எலி இளகிய பிறகு தின்னும்.

இன்னொரு வழி, கூட்டம். செர்பியாவில் கிகிந்தா என்ற சிறு ஊரின் நடுச் சதுக்கத்து மரங்களில் குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கான நெடுங்காது ஆந்தைகள் வந்து தங்குகின்றன. பகலெல்லாம் அசையாமல் காற்று மறைவில் இருந்துவிட்டு, இருட்டியதும் வயலுக்குப் போகும். நூற்றுக்கணக்கான இபூ! என் வாத்தியார் பார்த்திருந்தால் எக்ஸ் போட்டே கை ஓய்ந்திருப்பார். நம்மூரிலும் மார்கழிக் காலையில் புளியமரக் கிளையில் புள்ளி ஆந்தைகள் இரண்டு மூன்று ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி இளவெயில் காய்வதைப் பார்த்திருப்பீர்கள். டீக்கடை வாசலில் துண்டைப் போர்த்திக்கொண்டு நாம் உட்காருகிற மாதிரியேதான் இருக்கும்.

இனி கூகை. வட்ட முகம், வெள்ளை வயிறு, வெண்கலப் பாத்திரத்தைக் கீறின மாதிரி குரல். நம் பக்கத்தில் சாக்குருவி என்பார்கள். பிரெஞ்சில் எஃப்ரே, 'பயமுறுத்துவது' என்ற சொல்லின் சாயல். பிரான்சு நாட்டுக் குடியானவர்கள் ஒரு காலத்தில் இதைப் பிடித்துத் தானியக் கொட்டகைக் கதவில் ஆணி அடித்து வைப்பார்களாம், கேடு வராமல் இருக்க. கொட்டகை எலியைத் தின்பது அதுதான் என்ற யோசனை அங்கேயும் இல்லை. நம் சங்கப் புலவர் எவ்வளவோ மேல். நற்றிணை 83-ஆம் பாட்டில், ஊர்த்துறை மரத்தில் இருக்கும் கூகையிடம் தோழி கெஞ்சுகிறாள். கறியும் நெய்ச்சோறும் சுட்ட எலியும் தருகிறேன், ராத்திரியில் கத்தி எல்லாரையும் எழுப்பிவிடாதே என்று. அவள் கவலை சாவு இல்லை, காதலன் வருகிற நேரத்தில் ஊர் விழித்துக்கொள்ளக் கூடாதே என்பதுதான்.

இந்தக் கூகை ஆந்தைகளிலேயே குளிர் தாங்காத ஜாதி. முந்நூறு, நானூறு கிராம் உடம்பு. நீளமான கால், அதில் மெல்லிய இறகுதான். உடம்பில் கொழுப்புச் சேமிப்பும் குறைவு. வெப்பதேசத்துப் பறவை, மனிதன் கொட்டகையும் கோபுரமும் கட்டியதால் வடக்கே போய்க் குடியேறியது. அங்கே பனி கடுமையான வருஷங்களில் நிறையச் சாகும். 1962-63 குளிர்காலத்தில் இங்கிலாந்தில் மாதக்கணக்கில் நிலம் உறைந்து கிடந்தது. அந்த வருஷம் பறவைகள் ஏராளமாகச் செத்தன, கூகையும் தப்பவில்லை. (1962 ஆகஸ்டில்தான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. எங்கள் தெருவிலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிக்கொண்டு போன ஒருவர், அந்தக் குளிரில் பாரீசிலிருந்து எழுதிய கடிதத்தில் பேனா மை உறைந்துவிட்டது என்று பென்சிலால் எழுதியிருந்தார். பொய்யோ நிஜமோ, எனக்குப் பன்னிரண்டு வயதில் அது பெரிய ஆச்சரியம்.) கூகைக்கு வீடு வேண்டும். பரண், பொந்து, மச்சு, கோயில் மாடம், ஏதாவது ஒரு மறைவு. அதன் இறகு பாதிப் போர்வைதான், மீதி சுவர்.

இது எனக்கு 1979-ல் தெரிந்திருந்தால்!

அப்போது நான் தென்னாற்காட்டில் ஒரு தாலுக்கா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். எந்த ஊர் என்பது வேண்டாம். பழைய கட்டடம். பதிவறையின் மேல் பரணில், பழைய பசலிக் கணக்குக் கட்டுகளுக்குப் பின்னால் கூகை குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. நாற்றம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். தரையில் எலும்பும் எலிமயிருமாக உருண்டை உருண்டையாகக் கிடக்கும். கதவைத் திறந்தால் சீறல். அதே அறையில் அந்த வருஷம் ஒரு கட்டுகூட எலி கடிக்காமல் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

தை மாதம் தணிக்கைக்குப் பெரிய அதிகாரி வருகிறார் என்று தகவல். கூட்டை எடுத்துவிடும்படி மேலிடத்து வாய்மொழி உத்தரவு. ஏற்பாடு என் பொறுப்பு. எலி பிடிக்க வரும் இருளர் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். "நாலு குஞ்சு கீதுங்க ஐயா. ஒண்ணுக்குத்தான் இறக்கை மொளச்சிருக்கு. மத்ததுங்களுக்கு வெறும் பஞ்சுதான். தாய் மூடிகினு ஒக்காந்தாத்தான் சூடு. ஒரு பதினஞ்சு நாள் வுட்ருங்க, தானா போயிடும்" என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கூகை முட்டைகளை ஒரே நாளில் இடாது, இடைவெளி விட்டு இடும். குஞ்சுகளும் படிக்கட்டு மாதிரி பெரிதும் சிறிதுமாக இருக்கும். சின்னக் குஞ்சுகளுக்குத் தன் சூட்டைத் தானே வைத்துக்கொள்ளத் தெரியாது. தாய் மேலே இருக்க வேண்டும், அல்லது மூத்தது பக்கத்தில் இருக்க வேண்டும்.

அந்தப் பதினைந்து நாளை நான் மேலே போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. புதிதாக நிரந்தரமான வேலை. ஆந்தைக்காகப் பரிந்து பேசினான் என்று பேர் வாங்க இஷ்டமில்லை. "இறக்கிடுங்க" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நாலையும் ஒரு பிரம்புக் கூடையில் வைத்து, கொல்லைப்புறம் வேப்பமரத்தடியில் வைத்தோம். தாய் வந்து பார்த்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் பிடித்தேன்.

காலையில் பத்து மணிக்கு முன்பே போனேன். புல்லில் பனித்துளி இன்னும் காயவில்லை. கூடையில் மூன்று சின்னதும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. தொட்டால் ஈரத்துணி மாதிரி ஜில்லென்று இருந்தன. மூத்தது மட்டும் அவற்றின் மேல் கவிழ்ந்தபடி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. அதைப் பெரியவர் எடுத்துக்கொண்டு போனார். கூலியை எண்ணிக்கூடப் பார்க்காமல் மடியில் கட்டிக்கொண்டு போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. தணிக்கைக்கு வந்தவர் பதிவறைப் பக்கமே போகவில்லை.

பனி ஆந்தை மைனஸ் 40-ல் குஞ்சு வளர்க்கவில்லை, கோடையில்தான் வளர்க்கிறது என்றாலும், அங்கேயும் தாய் தரையில் உட்கார்ந்தபடி எழுந்திருக்காமல் மூடிக் காக்கிறது, ஆண் இரை கொண்டுவந்து போடுகிறது. நாங்கள் கூடையில் வைத்த ராத்திரியில் நம்மூரில் பதினெட்டு, பத்தொன்பது டிகிரி இருந்திருக்கும். அவ்வளவு போதுமானதாக இருந்தது.

இரண்டாவது கூகை, போன வருஷத்துக் கூகை அல்ல, அதற்கும் முந்தியது. ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை ஏறி, நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர். விழுப்புரம் மாவட்டமே மிதந்தது. உங்களுக்கெல்லாம் தெரியும், உங்கள் வீட்டிலும் தண்ணீர் வந்திருக்கும். எங்களுக்குக் கரண்டு இல்லை, போன் இல்லை. வீட்டில் நானும் என் அக்காவும் மட்டும். மனைவி போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அத்திம்பேர் காலமான பிறகு அக்கா என்னோடுதான் இருந்தார். எண்பத்து மூன்று வயது. அந்த வாரம் ஜுரம், மூச்சு வாங்கியது, மகள் அனுப்பிய கனடா ஸ்வெட்டரைக் கழற்றாமல் படுத்திருந்தார்.

ஞாயிறு காலை திண்ணையில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. துணி என்று நினைத்தேன். கூகை. தொப்பலாக நனைந்து, இறகெல்லாம் உடம்போடு ஒட்டி, கோழிக்குஞ்சு அளவுக்குச் சுருங்கியிருந்தது. பக்கத்தில் போனபோது சீறக்கூட இல்லை.

ஆந்தைக்கு இது ஒரு பெரிய குறை. அது சத்தமில்லாமல் பறப்பதற்காக இறகு வெல்வெட் மாதிரி மென்மையாக, ஓரத்தில் சீப்பு மாதிரி இழைகளோடு அமைந்திருக்கிறது. வாத்துக்கு இருப்பதுபோல் தண்ணீர் வழிந்தோடும் இறகு அல்ல. நல்ல மழையில் கூகை வேட்டைக்கே போகாது. நனைந்துவிட்டால் காற்றுப் பை முழுக்கத் தண்ணீர். அப்புறம் அதற்குப் போர்வையே இல்லை. காய்ந்த உடம்போடு இருக்கிற பனி ஆந்தை துருவத்தில் பிழைக்கும். நனைந்த கூகை கெடாரில் செத்துப் போகும்.

எதிர்வீட்டு அம்மா குடையோடு வந்துவிட்டார். "சார், சாக்குருவி சார் அது. பாட்டி வேற படுத்திருக்காங்க. உள்ள எடுத்துடாதீங்க, குச்சியால தள்ளிடுங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மழையில் எங்களுக்குக் கஞ்சி கொண்டுவந்ததும் அவர்தான். உண்மையைச் சொன்னால் எனக்கும் கை ஓடவில்லை. ரூசோவும் வோல்தேரும் படித்தவன்தான். ஆனால் உள்ளே அக்காவின் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது வோல்தேர் எங்கே வந்தார்?

உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "இன்னாடா அது?"

சொன்னேன்.

"எமன் வரதா இருந்தா நனைஞ்சிகினா வருவான்? அது குளிருக்கு ஒதுங்கியிருக்கு. உள்ள எடுத்தாடா."

எடுத்துவந்தேன். டிவி வந்த அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, பழைய வேட்டியை அடியில் விரித்து, இன்னொரு துண்டால் தண்ணீரை ஒற்றி எடுத்து வைத்து மூடினேன். பாலும் தண்ணீரும் புகட்டவில்லை. விறைத்த பறவையின் தொண்டையில் ஊற்றினால் மூச்சுக்குழலில் போய்விடும். அடுப்பின் பக்கத்திலும் வைக்கவில்லை. இருட்டு, உலர்ந்த துணி, அமைதி, இவ்வளவுதான். மீதி அதன் உடம்பு செய்ய வேண்டும். பெட்டியை அக்காவின் கட்டிலுக்குக் கீழே வைத்தேன், வீட்டில் ஒழுகாத இடம் அது ஒன்றுதான்.

அன்று ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்தில் நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மணிக்கு ஒரு தடவை அக்கா, "மூச்சு வுடுதா?" என்பார். பெட்டியில் காதை வைத்துப் பார்த்து "விடுது" என்பேன். நடுச்சாமத்தில் பெட்டிக்குள் சரசரவென்று சத்தம், இறகை அலகால் கோதுகிற சத்தம். அக்கா சிரித்தார். "தலை சீவுது" என்றார். 1979 கதையை அன்றுதான் அவரிடம் சொன்னேன். நாற்பத்தைந்து வருஷம் யாரிடமும் சொல்லாததை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ அப்பவே கேட்டிருக்கணும்" என்றார். பரவாயில்லைடா என்று சொல்லாதது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

திங்கள் சாயங்காலம் மழை விட்டது. சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் என்று ஊரெல்லாம் பேச்சு. பெட்டியை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்துத் திறந்தேன். விளிம்பில் ஏறி நின்றது. உடம்பை ஒரு உதறு உதறியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு மடங்கு ஆனது. காற்றைப் போர்த்திக்கொண்டுவிட்டது! என் தலைக்கு மேலே ஒரு கை உயரத்தில் போனது, காதில் ஒன்றும் விழவில்லை.

அக்காவுக்கு ஜுரம் விட்டது. டிசம்பர் முழுக்க நன்றாக இருந்தார். தை கடைசியில் ஒருநாள் விடியற்காலை தூக்கத்திலேயே போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்களில் இரண்டு பேர் சாக்குருவியை வீட்டுக்குள் எடுத்ததைப் பற்றி என் காதுபடப் பேசினார்கள். இதயம் பலவீனமாக இருந்ததற்கு மூன்று வருஷத்து மருந்துச் சீட்டு என்னிடம் இருக்கிறது. எடுத்துக்காட்டவில்லை. எதிர்வீட்டு அம்மா மட்டும் அவர்களைப் பார்த்து, "பாட்டிதான் எடுத்தாரச் சொன்னாங்க" என்றார்.

இதையெல்லாம் பேத்தியிடம் போன வாரம் சொன்னேன். குஞ்சுகளின் கதையை விட்டுவிட்டேன், இன்னும் கொஞ்சம் வளரட்டும். பெட்டியில் கிடந்த சிறகு ஒன்றை அனுப்பச் சொன்னாள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, தாத்தா அரசாங்க உத்தியோகஸ்தர், அதெல்லாம் முடியாது என்றேன். அந்தக் கூகை இப்போது எங்கே என்று கேட்டாள். அதே கூகையா தெரியாது, ஆனால் பக்கத்துப் பாழடைந்த வீட்டு மச்சில் இரண்டு இருக்கின்றன, ராத்திரி குரல் கேட்கிறது என்றேன்.

உடனே நோட்டை எடுத்து, இரண்டு இபூ என்று எக்ஸ் போட்டு எழுதிக் காட்டினாள்.

கொம்பு மாதிரி காதிறகு இருந்தால்தான் இபூ. கூகைக்கு அது கிடையாது, அது ஷுவெத் என்றேன். அப்படியானால் எக்ஸ் வேண்டாமா என்றாள். வேண்டாம், எஸ் போதும். அழித்து எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள்.